இரண்டாவது தட்டு

முதல் தட்டில் என் அண்ணன் குணமாகிவிட்டான்.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததுமே தெரிந்தது. முந்தாநாள் மருந்து ஊற்றி வைத்த தட்டு அது. புற்றுச் செல்கள் எல்லாம் சுருங்கி, உடைந்து, சட்டியில் கருகிய கடுகு போலச் சிதறிக் கிடந்தன. உயிரோடு ஒன்றாவது இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

பிறகு இரண்டாவது தட்டை எடுத்து வைத்தேன். அதே அண்ணனின் அதே செல்கள், அதே மருந்து, அதே அளவு. ஒரே ஒரு வித்தியாசம்தான். போன தடவை அவன் இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சி எடுத்த மஜ்ஜையில் தாங்குசெல்கள் என்று ஒரு வகை இருக்கிறது. எலும்புக்குள் ரத்தம் பிறக்கிற இடத்துக்கு அவைதான் தரை, அவைதான் சுவர். அவற்றை வாரக்கணக்கில் வளர்த்து, தட்டின் அடியில் பாய் விரித்த மாதிரி பரவவிட்டிருந்தேன். நோயில்லாத, நல்ல செல்கள். அந்தப் பாயின்மேல் புற்றுச் செல்கள் உருண்டையாக, பளபளவென்று, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விருந்துக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தன. மருந்து அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்க வேண்டும். மூடியைப் போட்டு, இன்குபேட்டருக்குள் வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினேன். செல் வளர்ப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். கை பழக்கத்துக்குக் கோபம் தெரியாது.

பின்னால் டாக்டர் வைரிமு நின்றிருந்தார். கென்யாவில், கிசுமு நகரத்தில் இருக்கிற எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் அவர்தான். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“உன் அண்ணன் சாம்பிள நீ தொடாதன்னு சொன்னேன்ல, அடோயோ.”

“வேற ஆள் தொட்டிருந்தா அதுங்க செத்திருக்குமா டாக்டர்?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அதுங்களப் பாயிலருந்து கிளப்பி வெளிய தள்ளுற மருந்துன்னு ஒண்ணு படிச்சோமே,” என்றேன்.

“படிச்சோம். எலிக்குக் குடுத்திருக்காங்க. சில ஊர்ல மனுஷங்களுக்கும் குடுத்துப் பாத்திருக்காங்க. இந்த நோய்க்கு இதுதான் மருந்துன்னு யாரும் கையெழுத்துப் போடல. போட்டாலும் நம்ம ஆஸ்பத்திரி அலமாரிக்கு எப்ப வரும்னு உனக்கே தெரியும்.”

“மஜ்ஜை மாத்துறது?”

“அவரு இப்ப இருக்கிற உடம்புக்குத் தாங்காது.” நாற்காலியிலிருந்து எழுந்தார். “நீ வீட்டுக்குப் போ.”

என் அண்ணன் ஓடெரோ பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பட்டறையில் மெக்கானிக். கிசுமுவில் ஓடுகிற மட்டாட்டு வேன்களில் பாதி அவன் கை பட்டவை. பேனட்டைத் திறக்காமலே, சத்தத்தைக் கேட்டே வண்டியின் வியாதியைச் சொல்வான். சொல்லிவிட்டு, “நான்தான் ஏரியக் குடிச்சுட்டு ஏப்பம் விட்டவன்” என்று தன்னைத்தானே ஒரு வரி புகழ்ந்துகொள்வான். எங்கள் லூவோ இனத்து ஆட்களுக்கு அது பிறவிக் குணம். முதுகு வலி என்று வண்டிக்கடியிலிருந்து எழுந்து வந்தவனைப் படம் பிடித்துப் பார்த்தபோது முதுகெலும்பில் கரையான் அரித்த மாதிரி ஓட்டைகள். மைலோமா என்றார்கள். மஜ்ஜைக்குள் குடியேறி, வாடகையும் தராமல், சுவரையும் சேர்த்துத் தின்கிற ரத்தப் புற்று.

முதல் மருந்துக்கு, இந்த நோய் ரத்தத்தில் சுரக்கிற கெட்ட புரதம் மளமளவென்று இறங்கியது. அன்றைக்கு அவன் பட்டறையில் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். பிறகு அது ஏறியது. இரண்டாவது மருந்து கொடுத்தார்கள். இறங்குவது போலப் பாசாங்கு செய்துவிட்டு மறுபடி ஏறியது.

மருந்து பிடிக்காவிட்டால் யாரையாவது குற்றம் சொல்ல வேண்டுமே. போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், “மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுறாரா?” என்று கேட்டார். கேட்டது அண்ணனை அல்ல. அண்ணி அவினோவைப் பார்த்துத்தான் கேட்டார்.

“நான்தான் வாயில போடுறேன்,” என்றாள் அண்ணி. “நாக்கத் தூக்கச் சொல்லிப் பாக்குறேன். நம்பலேன்னா நாளைக்கு நீங்க வீட்டுக்கு வந்து விரல விட்டுப் பாருங்க.”

அண்ணன் சிரித்துவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினான். அவனுக்கு அப்போது சிரித்தாலும் வலிக்கும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நேராக அண்ணனின் வாடகை வீட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே ஊரிலிருந்து வந்த ஓசேவே சித்தப்பா சோபாவை நிறைத்து உட்கார்ந்திருந்தார். அப்பாவின் தம்பி. அப்பா போன பிறகு எங்கள் ஊரான உயோமாவில், ஒரே வேலிக்குள் இருக்கிற எங்கள் குடும்ப வளவுக்கு அவர்தான் பெரியவர். எங்கள் கடைசித் தம்பி ஓயூகி சுவரோரம் முக்காலியில் குனிந்த தலை நிமிராமல் இருந்தான். பொரித்த மீன் மணம் வீடு முழுக்க இருந்தது; ஏரி மீன் ஒரு கூடை கொண்டு வந்திருந்தார்கள்.

“வாம்மா, மைக்ரோஸ்கோப்பு,” என்றான் அண்ணன். மெத்தையில் மூன்று தலையணைக்கு நடுவே கிடந்தான். “உன் கண்ணாடி என்ன சொல்லுது?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வண்டிச் சத்தத்தை வைத்தே நோய் கண்டுபிடிக்கிறவனிடம் என்ன பொய் சொல்வது?

“மருந்து நல்ல மருந்துதான்,” என்றேன். “தனியாப் போட்டா எல்லாம் செத்துருது. ஆனா எலும்புக்குள்ள அது இருக்கிற இடம் இருக்கு பாரு, அந்த இடம் அத மறைச்சு வச்சுக்குது. சோறு போட்டு, போத்தி விட்டு, மருந்து வந்தா முன்னாடி வந்து நிக்குது. நோய்க்குப் பலம் இல்ல அண்ணே. அத வச்சிருக்கிற வீட்டுக்குத்தான் பலம்.”

சித்தப்பா கையிலிருந்த மீன் முள்ளைத் தட்டில் வைத்தார்.

“இதத்தானே நான் வந்ததுலருந்து சொல்லிட்டிருக்கேன். மருந்துல குத்தம் இல்ல, வீட்டுலதான் குத்தம்.”

“சித்தப்பா, நான் எலும்புக்குள்ள இருக்கிற வீட்டச் சொல்றேன்.”

“நான் உயோமால இருக்கிற வீட்டச் சொல்றேன்.”

உடம்பு உருகி, எந்த மருந்தும் பிடிக்காமல் ஒருவன் இளைத்துக்கொண்டே போனால் எங்களிடம் அதற்கு ஒரு பெயர் உண்டு. சிரா. வளவில் யாரோ முறை தவறியிருக்கிறார்கள், அந்தத் தவறு ஒருவன் உடம்பில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வளவில் தவறு எது என்று யாரும் தேட வேண்டியதில்லை. எல்லோர் கண்ணுக்கும் எதிரே தகரக் கூரை போட்டு நின்றது. மூத்தவன் வீடு கட்டாமல் இளையவன் கட்டக் கூடாது. அண்ணன் கிசுமுவில் வாடகை வீட்டிலேயே காலத்தை ஓட்டினான். ஊரில் ஒரு கம்பம்கூட நடவில்லை. ஓயூகி கல்யாணம் ஆகி, குழந்தைகள் வந்து, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கட்டிவிட்டான். அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் கட்டினான். அன்றைக்குக் கூரை ஏறியபோது கறியில் பெரிய துண்டாகப் பார்த்துத் தின்றவர் இதே சித்தப்பாதான்.

“அப்ப வாயில கறி இருந்துச்சு, அதான் முறை ஞாபகம் வரலயா?” என்று கேட்டேன்.

“பொண்ணு பேசுற பேச்சா இது?” என்றார் சித்தப்பா, என்னைப் பார்க்காமலே. “சனிக்கிழம ஓடெரோவுக்கு வீடு கட்டுறோம். கம்பு வெட்டியாச்சு. ஓயூகி அவன் வீட்டுத் தகரத்தப் பிரிச்சுட்டான். வீடு ஒரே பகல்ல எழும்பணும். அன்னிக்கே அவன் பொண்டாட்டி அதுல அடுப்பு மூட்டணும், ரெண்டு பேரும் அங்க படுக்கணும். அதோட சரியாயிடும்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் எலும்பு இருக்கிற நிலையில் உயோமா ரோட்டில் ஒரு பள்ளம் போதும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஈரமண் சுவர், தூசி, அடுப்புப் புகை, அன்றைக்கு வீட்டுக்குள் வந்து போகிற ஊர் ஜனத்தின் இருமல், இவற்றில் எது வேண்டுமானாலும் அவனைக் கொன்றுவிடும். எல்லாவற்றையும் சொன்னேன். குரல் ஏறிக்கொண்டே போனது. அண்ணி அடுக்களையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முடித்ததும் கேட்டார்:

“சரிம்மா. நாங்க படிக்காதவங்க. நீ வேற என்ன மருந்து வச்சிருக்க, சொல்லு. இருந்தா நாங்க இப்பவே பஸ் ஏறிடறோம்.”

 ஓயூகி அப்போதுதான் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால், கொலைகாரன் தான் அல்ல என்றாகிவிடும் என்பது போலப் பார்த்தான். எனக்கு எத்தனையோ மருந்துப் பெயர்கள் தெரியும். ஒன்றுகூட என் கையில் இல்லை.

“சனிக்கிழம போவோம்,” என்றான் அண்ணன்.

அண்ணி அடுக்களையில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். 

“நீ வேணாம்னு சொல்லு அண்ணி. நீ சொன்னா கேப்பான்.”

“நான் எந்த வாயால சொல்றது? அந்த வளவுல எனக்கு உக்கார ஒரு முக்காலி கிடையாது. மாமனார் சாவுக்கு வந்தப்ப யார் யார் அடுப்புலயோ சமைச்சு, யார் யார் வீட்டுலயோ படுத்தேன். ‘அலேகோ ஊர்க்காரி வந்துட்டா, அவ மூட்டைய யார் வீட்டுல வைக்கிறது’ன்னு உன் சித்திங்க என் காதுபடக் கேட்டாங்க.” களியைப் புரட்டி ஓர் அடி அடித்தாள். “இப்ப வேணாம்னு சொன்னா, அவளே புருஷனச் சாகடிச்சான்னு பாட்டுக் கட்டுவாங்க.”

சனிக்கிழமை காலையில் மட்டாட்டு ஒன்று வாசலில் வந்து நின்றது. அண்ணனிடம் பழுது பார்க்கிற டிரைவர் ஒருவர், இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டு வைத்திருந்தார். நான் முகமூடிப் பெட்டி, கை கழுவுகிற மருந்து, காய்ச்சல் மாத்திரை, துவைத்த விரிப்புகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டேன். போருக்குப் போகிற மாதிரிதான் ஏறினேன். துப்பாக்கி இல்லாத போர்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவர் முன்கூட்டியே குரல் கொடுத்தார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நடுவே, “பின்பக்க வலது ஷாக் அப்சார்பர் செத்துப் போச்சுப்பா,” என்றான்.

“போன மாசம் நீதானே அண்ணே மாத்தின,” என்றார் டிரைவர்.

“அதான் சொல்றேன். நான் மாத்தினதே செத்துப் போகுதுன்னா காலம் கெட்டுப் போச்சு.”

அவனோடு சேர்ந்து டிரைவரும் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது.

வளவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓயூகியின் வீடுதான். கூரை இல்லாமல் மொட்டையாக நின்றது. அவன் மனைவி பாத்திரம் பண்டங்களை மரத்தடியில் அடுக்கிவிட்டு, ஒரு தார்ப்பாய்க்குக் கீழே குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தகரத்தைத்தான் அண்ணனின் வீட்டுக்குப் போடுவதாக ஏற்பாடு.

அண்ணனை நாற்காலியோடு தூக்கி வந்து வளவு வாசலின் வலப்புறம், மூத்தவனுக்கு உரிய இடத்தில் இறக்கினார்கள். சித்தப்பா முதல் குழியைத் தோண்டினார். அண்ணன் முதல் கம்பத்தின்மேல் கையை வைத்தான். மற்றவர்கள் அதைக் குழியில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாற்பது வயது தாண்டிவிட்டது, இனி இவன் வீடு கட்ட வரமாட்டான் என்று கைவிட்ட ஊர், இன்றைக்கு ஒருவர் மிச்சமில்லாமல் வந்திருந்தது. ஆண்கள் கம்பு கட்டினார்கள். பெண்கள் ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்து மண் மிதித்தார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். நானும் மண் அள்ளி அப்பினேன். வேறு என்ன செய்வது? ஒவ்வொரு கை மண்ணையும் சுவரில் அறைகிறபோது சித்தப்பாவின் கன்னம் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவே ஓடிப் போய், அண்ணனின் அருகே வந்தவர்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொன்னேன். முகமூடி கொடுத்தேன். சித்தியொருத்தி அதை வாங்கித் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, “இது எனக்கு அழகா இருக்கா?” என்று கேட்டாள். வந்த ஒவ்வொருவரும் அண்ணனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்கள். இருமினார்கள். அன்போடுதான் இருமினார்கள். நான் மருந்தை அவன் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அடுத்த கை வந்துகொண்டே இருந்தது.

வெயில் சாய்வதற்குள் கூரை ஏறிவிட்டது. கதவு மாட்டினார்கள். அண்ணி கிசுமுவிலிருந்து கொண்டு வந்த சட்டியை வைத்து அடுப்பு மூட்டினாள். கூரை வழியாகப் புகை எழுந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். அவள் முகத்தில் ஓடிய கண்ணீர் புகையாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

அண்ணனை உள்ளே படுக்க வைத்தார்கள். நான் கொண்டு வந்த விரிப்பை விரித்தேன். சுவரைத் தொட்டால் விரல் உள்ளே போனது, அவ்வளவு ஈரம். ஜன்னல் பலகையைத் திறந்து வைத்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“மூஞ்சிய ஏன் பஞ்சரான டயர் மாதிரி வச்சிருக்க?” என்றான் அண்ணன்.

“நீயும் நம்புறியா, அண்ணே? இந்தச் சேத்துச் சுவர் உன்னக் காப்பாத்தும்னு?”

கதவுப் பக்கம் பார்த்தான். அண்ணி வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினான்.

“உன் முகத்த அன்னிக்கே பாத்துட்டேன். வாசல்ல செருப்பக் கழட்டும்போதே. வண்டி இனி ஓடாதுன்னு வண்டிக்காரன்கிட்ட நானும் எத்தன தடவ சொல்லிருக்கேன். அந்த முகம் எனக்குத் தெரியாதா?”

நான் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

“கிசுமுலயே செத்திருந்தேன்னு வை. வீடில்லாதவன். என் பொணத்துக்கு நாலு கம்ப நட்டு, மேல ஒரு தகரத்த வச்சு, அடக்கம் முடிஞ்சதும் பிரிச்சுப் போட்டிருப்பார் சித்தப்பா. அப்புறம் அவினோவ எங்க உக்கார வைப்பாங்க? யார் வீட்டுத் தரையில உக்காந்து எனக்காக அழுவா? அழுது முடிச்சதும், கிளம்பும்மா உன் ஊருக்குன்னு சொல்லிடுவாங்க. விடுதியில படிக்கிற என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் இந்த ஊர்ல வந்து இறங்க வாசல் இருக்காது.” மூச்சு வாங்கினான். “ரெண்டு வருஷமா படுத்துக்கிட்டு எப்படிடா கட்டுறதுன்னு யோசிச்சேன். தானா வந்துச்சு. முழு ஊரும் சேந்து ஒரே பகல்ல கட்டிக் குடுத்துருச்சு. இப்ப அவ அடுப்பு மூட்டிட்டா. இனி அவள யாரும் கிளப்ப முடியாது.”

“இத அன்னிக்கே என்கிட்ட சொல்லிருக்கலாம்ல. சித்தப்பாவோட அந்தச் சண்ட போட்டேனே.”

“நீ சண்ட போட்டதாலதான் அவரு ரோஷத்துல, சொன்ன சனிக்கிழமய விடாமப் பிடிச்சாரு. இல்லேன்னா இது அடுத்த அறுவடைக்குத் தள்ளிப் போயிருக்கும்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனை ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது. அவனோ கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஓயூகியின் வீட்டு ஆணி ஓட்டைகள் தெரிந்தன. தம்பியைக் கூப்பிடச் சொன்னான்.

ஓயூகி வந்து கதவிலேயே நின்றான். அண்ணன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

“நீ கட்டுனது என்கிட்ட கேட்டுத்தான் கட்டுன. நான் சரின்னு சொல்லித்தான் கட்டுன. நான் போனாலும் இருந்தாலும் இதுக்கு நீ காரணம் இல்ல. அடோயோ சாட்சி. வர்ற வாரம் டிரைவர் புதுத் தகரம் கொண்டு வருவான், உன் வீட்ட மூடு. குழந்தைய வெயில்ல போட்டு வச்சிருக்க, மடையா.”

தம்பி அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சரி என்று தலையாட்டினான். ஆனால் நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவன் போன பிறகு அண்ணன் கேட்டான்:

“எலும்புக்குள்ள நோய மறைச்சு வைக்குதுங்கன்னு சொன்னியே, அதுங்க யாரு?”

“உன்னோட செல்லுதான். நல்ல செல்லு.”

“தாங்க யாருக்குச் சோறு போடுறோம்னு அதுங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. யார் வந்து ஒட்டினாலும் போடும். ரத்தம் நல்லா ஊறட்டும்னுதான் அதுங்க அங்க இருக்குதுங்க. நோயும் அந்த ரத்தத்துல பொறந்ததுதான். அதுங்களுக்கு வித்தியாசம் தெரியல.”

“அப்ப அதுங்க லூவோக்காரங்கதான்,” என்றான் அண்ணன். “யாரு என்னன்னு கேக்காம முக்காலிய இழுத்துப் போடுற ஜாதி.” கண்ணை மூடிக்கொண்டான். “அதுங்க மேல கோபப்படாத.”

அன்றிரவு அவர்கள் இருவரும் அந்த வீட்டில் படுத்தார்கள். ஞாயிறும் இருந்தார்கள். திங்கள் கிளம்ப வேண்டும் என்று நான் அடம்பிடித்து வண்டியில் ஏற்றியபோது அண்ணனுக்கு லேசாக இருமல் இருந்தது. கிசுமு வந்து சேர்வதற்குள் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நான் கட்டிலின் காலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவள், வெள்ளைக் கோட்டு போடுகிறவள், நோயைக் கண்ணால் பார்த்தவள். அவன் கால் விரல்களைப் பிடித்துச் சூடு பறக்கத் தேய்த்தேன். எனக்கு அந்த வேலைதான் மிச்சம் இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அவன் போய்விட்டான்.

உயோமாவில், அவன் வீட்டு வாசலுக்கு முன்னாலேயே குழி வெட்டினார்கள். பெட்டியை முதலில் அவன் வீட்டுக்குள் கொண்டு போய் வைத்தார்கள். சுவர் அப்போதும் முழுசாகக் காயவில்லை. நாங்கள் அப்பிய விரல் தடங்கள் அப்படியே இருந்தன. அண்ணி அந்த வீட்டின் தரையில், தன் அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டு மகள்களையும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்கள் அவளிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். மூட்டையை எங்கே வைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவரும் அழுதிருக்கிறார்.

“முன்னாடியே கட்டிருந்தா பொழச்சிருப்பான்,” என்றார். “ரொம்ப லேட் பண்ணிட்டோம்.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வீடுதான் அவனைக் கொன்றது என்று சொல்லலாம். அந்த வீடு இல்லாவிட்டாலும் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ போயிருப்பான் என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மைதான். ஆனால் வீட்டைக் குற்றம் சொன்னால் உள்ளே உட்கார்ந்திருக்கிற அண்ணியின் காலடித் தரையை நானே பறித்த மாதிரி ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாயோடு சித்தப்பாவுக்கு ஒரு தம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

மறுபடி வேலைக்குப் போன அன்று இன்குபேட்டரைத் திறந்தேன். இரண்டாவது தட்டு நான் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் இல்லாத நாட்களில் டாக்டர் வைரிமுவே அதற்கு உணவுத் திரவம் மாற்றியிருக்கிறார். மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன. அண்ணனைக் கொன்றவை உருண்டையாக, பளபளவென்று, அண்ணன் மண்ணுக்குள் போனது தெரியாமல் பாயின்மேல் உட்கார்ந்திருந்தன. கீழே தாங்குசெல்கள் கைகளை நீட்டி விரித்துக் கிடந்தன.

“ஆய்வுக்கு வேண்டியது கிடைச்சாச்சு அடோயோ,” என்றார் டாக்டர் வைரிமு. “ப்ளீச் ஊத்திக் கொட்டிடு. நீ செய்ய வேணாம், நான் செய்றேன்.”

“நானே செய்றேன் டாக்டர்.”

அவர் என் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார். ப்ளீச் பாட்டிலை எடுத்துத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியது. இத்தனை மாதமாக நான் தேடிய மருந்து இதோ என் கையில் இருக்கிறது. இதற்குத் தப்பி ஒரு புற்றுச் செல்கூடப் பிழைக்காது. எந்த வீடும் அதை மறைக்க முடியாது.

குனிந்து இன்னொரு தடவை பார்த்தேன். அந்தப் பாய் என் அண்ணன். நோயில்லாத, கெடாத, யார் வந்தாலும் இடம் கொடுக்கிற அண்ணன். இந்த உலகத்தில் உயிரோடு மிச்சம் இருப்பது அவ்வளவுதான். மேலே யார், கீழே யார் என்று ப்ளீச்சுக்குத் தெரியாது. உணவுக்கும் தெரியாது. ஒருவனை விட்டு ஒருவனுக்கு மட்டும் ஊற்ற எந்த ஆய்வுக்கூடத்திலும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

பாட்டிலை மூடினேன். பழைய உணவை மெதுவாக உறிஞ்சி எடுத்தேன். புதியதைக் கைச்சூட்டில் வைத்து, இதமானதும், தட்டின் ஓரமாக, யாரையும் கலைக்காமல் ஊற்றினேன். இருவரும் சாப்பிட்டார்கள்.